குப்பைக்கூடையில் முப்பது நாள்

மொழி எடுக்க வேண்டும், ஸ்டேஷன் வரைக்கும் வாருங்கள் என்று உங்கள் போலீஸ்காரர் ஷாஜி போனில் சொன்னபோது, எந்த மொழி என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். பிறந்ததிலிருந்து மீனாட்சிபுரத்தில் இருக்கிறவன் நான். மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம் என்பது எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் வீட்டில் பேசுவது தமிழ், கடையில் பேசுவது தமிழ், காது முதலில் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

அதனால்தான் சார், நான் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன் என்றேன். ஷாஜி மலையாளத்தில் தட்டிக்கொள்ளட்டும். கடைசியில் வாசித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் தலையாட்டினீர்கள், டீயும் சொன்னீர்கள். எனக்குச் சர்க்கரை வேண்டாம், போன வருஷத்திலிருந்து டாக்டர் நிறுத்திவிட்டார்.

என் பெயர் நூஹு. வயது ஐம்பத்து நான்கு. பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிற நூர் ஸ்டூடியோ என்னுடையது. இருபத்தெட்டு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, சுன்னத்து, பால் சொசைட்டி ஆண்டு விழா என்று இந்த எல்லைப் பக்கத்து விசேஷம் எல்லாவற்றையும் படம் எடுத்தவன். ராமலட்சுமியின் மகள் வரைந்த படங்கள் என்ன ஆயின என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். கேட்டால் என் பக்கம் இருக்கிற நியாயம் உங்களுக்கே புரியும்.

முன்பு ஆல்பம் செய்கிற சாப்ட்வேர் சிடியில் வந்தது. கோயம்புத்தூர் போய் வாங்கி வந்து ஒரு தடவை போட்டால் போதும், கம்ப்யூட்டர் சாகும்வரை ஓடும். பிறகு கம்பெனிக்காரன் சிடியை நிறுத்திவிட்டான். மாதாமாதம் கட்டு, தினமும் நெட்டில் வந்து நான்தான் என்று சொல், அப்போதுதான் திறப்பேன் என்றான். என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வேலையைச் செய்ய, முகம் தெரியாத ஒருத்தனிடம் நான் அனுமதி கேட்க வேண்டும். ரோட்டை வெட்டி கேபிள் அறுந்த அன்றைக்கு என் வேலையும் அறுந்தது. பெண் வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், நான் பாதி ஆல்பத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறேன். முடித்த ஆல்பங்களைத் தானே பத்திரமாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னான். வைத்துக்கொண்டான், நன்றாகவே வைத்துக்கொண்டான்.

எங்கள் பக்கம் கிளவுட் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. மேலே என்போம். போட்டோ மேலே இருக்கிறது, மேலே ஏத்தியாச்சு, மேலேயிருந்து இறக்கணும். ஆள் செத்தாலும் மேலே போய்விட்டார் என்றுதான் சொல்கிறோம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கேபிள் அறுந்ததிலிருந்து போன் நெட்டில்தான் கம்ப்யூட்டரை ஓட்டினேன். என் கடையில் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. முன்னறையில் என் போன் கேரள டவரைப் பிடிக்கும். பின்னறைக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். இந்த ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான், யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கம்பெனியின் மிஷின் நினைத்தது. ஒரே ஆள் நிமிஷத்துக்கு நிமிஷம் மாநிலம் மாறுகிறான், இவன் திருடன் என்று முடிவு கட்டி என் கணக்கைப் பூட்டிவிட்டது. நீங்கள் நீங்கள்தான் என்றால் இந்த நம்பருக்கு வருகிற எண்ணைச் சொல்லுங்கள் என்றது. அந்த நம்பர் நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம். உள்ளே பதினோரு வருஷத்து ஆல்பம் சார். பதினேழு தடவை எழுதினேன். பதினேழு தடவையும் ஒரே பதில், உங்கள் பொறுமைக்கு நன்றி. கீழே எழுதியவன் பேர்கூட இல்லை.

ஃபஸீலா என்று ஒரு பெண். அவள் நிக்காஹ் ஆல்பத்தை நான்தான் செய்தேன். அவளுடைய அத்தா மௌத்தான பிறகு, அவர் சிரித்துக்கொண்டிருக்கிற படம் அந்த ஆல்பத்தில் மட்டும்தான் இருக்கிறது, இன்னொரு பிரதி போட்டுக்கொடுங்கள் என்று வந்தாள். பழைய ஆல்பத்தில் கறையான் ஏறிவிட்டதாம். இல்லையம்மா, மேலே மாட்டிக்கொண்டது என்றேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கடை வாசலில் போர்டு எழுதி வைத்தேன். உங்கள் படம் உங்கள் கையில் என்று. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். மேலே வைக்காதீர்கள், இறக்கி டிஸ்கில் போட்டுத் தருகிறேன், வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்று வாய் வலிக்கச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். பலர் சிரித்தார்கள். டீக்கடையில் நூஹு பாய்க்கும் மேகத்துக்கும் வரப்புத் தகராறு என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் லிபின் எதிர்ச்சாரியில் கடை போட்டான். கல்யாண மண்டப வாசலில் ஒரு அட்டையை வைப்பான். வருகிறவர்கள் போனைக் காட்டினால் பந்தியிலிருந்து எழுவதற்குள் படம் போனுக்கு வந்துவிடும். எல்லாம் மேலேயிருந்து. நல்ல பையன்தான், என்னைப் பார்த்தால் நூஹுக்கா என்று எழுந்து நிற்பான். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்போது ராமலட்சுமிக்கு வருகிறேன். மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். புருஷன் வேலை முடிந்து லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்ததும் சொந்தக்காரர் ஒருத்தர் துணையில் இங்கே வந்தார்கள். புருஷன் ஒரு வருஷத்தில் இறந்துபோனார். இரண்டு மாடு, ஒரே மகள். மகள் பெயர் இந்து. பாலக்காட்டில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அந்தப் பெண் கடிதத்துக்குப் பதிலாகப் படம் வரைந்து அனுப்புவாள். போனில் விரலால் வரைவதற்கு ஒரு சாப்ட்வேர் இருக்கிறது, வரைந்த படத்தோடு குரலையும் சேர்த்து வைக்கலாம். அவள் அங்கே வரைந்து முடித்தால் இங்கே அம்மாவின் டேப்லெட்டில் வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் எல்லாம் மேலேதான். டேப்லெட்டில் ஒன்றும் தங்காது, காட்டும், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சலில் இந்து இறந்துவிட்டாள். ஆஸ்பத்திரி அமளியில் அவள் போன் எங்கோ தொலைந்தது. நான்கு மாதம் கழித்து ராமலட்சுமி துண்டில் சுற்றிக்கொண்டு டேப்லெட்டை என் கடைக்கு எடுத்து வந்தார்.

"பாய், இதுல என்னமோ எழுத்தா வருது. படத்தைக் காட்ட மாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். மாதக் கட்டணம் கட்டாததால் பூட்டியிருந்தது. உங்கள் படைப்புகளைப் பார்க்கப் புதுப்பிக்கவும் என்று எழுதியிருந்தது. சொன்னேன்.

"எம்புள்ள வரைஞ்சதை எனக்குக் காட்ட அவனுக்கு வாடகையா? யாரு பாய் அவன்?"

எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்திருந்தது. நான்கு வருஷமாக நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததை, எழுத்துத் தெரியாத அந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் அட்டையிலிருந்தே ஒரு மாதம் கட்டி, என் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கைத் திறந்தேன். நூற்று நாற்பத்து மூன்று படம். ஒவ்வொன்றையும் அழுத்தினால் அந்தப் பெண் பேசினாள். கொழுந்துக் கூடையோடு அம்மா நிற்கிற படத்தில், எம்மா, இது நீதான், மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசா வந்துருச்சு என்றாள். வீட்டுக் கதவை வரைந்து, அதற்குள்ளிருந்து மாடு எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு படம். அதில், எம்மா, தாப்பா போட்டியா, கொண்டி சரியா விழுந்துச்சான்னு இழுத்துப் பாரு என்றாள். ராமலட்சுமி என் கடையில் நின்றுகொண்டே, போட்டேன்டி என்று பதில் சொன்னார். தினமும் படுக்கப் போகுமுன் அதைக் கேட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவாராம். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை சார்.

எல்லாவற்றையும் என் கருப்பு டிஸ்கில் இறக்கினேன். முதல் வருஷ நினைவு நாளுக்குப் படங்களைப் புத்தகமாக அச்சடித்துத் தருகிறேன், குரலைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டுத் தருகிறேன் என்றேன். மேலே இருப்பதை அழித்துவிடலாம், இனி வாடகை கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார்.

"பாய், லிபின் தம்பிகிட்ட கேட்டேன். அது அவிடெ கெடக்கட்டெ சேச்சி, ஞான் நோக்கிக்கோளாம்னு சொல்லுச்சு. வருஷத்துக்குக் கட்டியும் குடுத்துருச்சு. அதுவும் அங்கேயே இருக்கட்டும். ரெண்டு எடத்துல இருந்தா நல்லதுதானே?"

நல்லதுதான். இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் அதுதான் சரியான வார்த்தை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. நான் அழுதேன், நான் இறக்கினேன், கடைசியில் அந்த அம்மா நம்பியது மேலே இருக்கிறதை. அந்த மாதத்திலேயே பால் சொசைட்டி தன் ஐம்பது வருஷப் போட்டோக்களை யாரிடம் கொடுத்துப் பாதுகாப்பது என்று பொதுக்குழுவில் முடிவு செய்ய இருந்தது. லிபின் மேலே வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தான். ஊர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியது. மேலே வைத்தது போகும் என்று ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், இந்த ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தக் கணக்கு என் கம்ப்யூட்டரில் திறந்தேதான் இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று ஒரு பொத்தான். அழி என்று ஒரு பொத்தான். நிச்சயமாகவா என்று கேட்டது. மனுஷனாக இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பான். நான் ஆமாம் என்றேன்.

இதில் ஒரு பாவமும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். டிஸ்கில் எல்லாம் இருக்கிறது. பதினேழு நாள் கழித்துப் பொதுக்குழு. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது டிஸ்கோடு போய், மேலே போனது போய்விட்டது, கீழே வைத்தது இதோ இருக்கிறது என்று அந்த அம்மா கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். இடையில் அந்த அம்மா பதினைந்து பதினாறு நாள் கொஞ்சம் கஷ்டப்படுவார். நான் நான்கு வருஷம் பட்டேன்.

மறுநாள் காலையில் பால் ஊற்றிவிட்டு, கேனைக்கூட வீட்டில் வைக்காமல் ஓடி வந்தார்.

"பாய், எம்புள்ள இல்ல."

அப்படித்தான் சொன்னார். படம் இல்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். லிபின் ஓடி வந்து டேப்லெட்டைக் கேட்டான். முகம் வெளுத்திருந்தது. அவன் கையில் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அழித்தது உடனே போய்விடாது சார். ட்ராஷ் என்று ஒரு குப்பைக்கூடை உண்டு. முப்பது நாள் அதில் கிடக்கும். மீட்டெடு என்று ஒரு பொத்தானை அழுத்தினால் இருந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடும்.

"அதெத் தொடாதீங்க தம்பி. போன வாரம் நீங்க கட்டுறேன்னு கைவெச்சதுக்கு அப்பறந்தானுங்களே இப்பிடி ஆச்சு. கம்பெனிக்கு எழுதோணும், அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்றேன்.

லிபின் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கூட்டத்தில் யாரோ அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நான் டேப்லெட்டை வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். ராமலட்சுமியிடம், களஞ்ஞு போச்சுங்க அம்மிணி, மேல வெச்சா இப்பிடித்தானுங்க, நான் எழுதறேன், பொறுமையா இருங்க என்றேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் போனோடு வந்து, மேலே இருப்பதை இறக்கிக் கொடுங்கள் பாய் என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

அழித்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள், புத்தகத்தை அச்சடிக்கத் தொடங்கலாம் என்று கருப்பு டிஸ்கை எடுத்து மாட்டினேன். டிக் டிக் என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. வேறு வயரில் மாட்டினேன், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். பல்லி கத்துகிற மாதிரி அதே டிக் டிக். பீரோ மேலேயிருந்து அதை எடுக்கும்போது எங்கேயும் விழவில்லை, நனையவில்லை. சும்மா செத்துப்போனது.

இங்கேதான் நீங்கள் கேட்பீர்கள் சார், மேலே கூடையில்தான் கிடக்கிறதே, இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறதே, அழுத்திவிட வேண்டியதுதானே என்று. நியாயமான கேள்விதான். நானும் அதையே கேட்டுக்கொண்டேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மீட்டெடு என்ற பொத்தானின் மேல் மவுஸை வைத்தேன். அப்புறம் யோசித்தேன். அழுத்தினால் என்ன ஆகும்? நூற்று நாற்பத்து மூன்று படமும் டேப்லெட்டில் தானாக வந்து நிற்கும். ஊர் என்ன சொல்லும்? மேலே போனது பத்திரமாக இருந்தது, தானே திரும்பி வந்தது என்று சொல்லும். லிபின் ஒன்றும் சொல்ல மாட்டான், நூஹுக்கா என்று எழுந்து நிற்பான். ஃபஸீலாவின் அத்தா சிரித்த படம் வரவில்லை, என் பதினோரு வருஷம் வரவில்லை, இது மட்டும் வந்தால் நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதனால் பக்கத்தை மூடிவிட்டேன். டிஸ்கைக் கோயம்புத்தூரில் சரி செய்கிற ஒரு கடைக்கு அனுப்பினேன். அங்கே கிடைத்துவிடும் என்று நம்பினேன்.

பொதுக்குழுவுக்கு வெறுங்கையோடு போனேன். ஆனாலும் சொசைட்டி போட்டோக்கள் எனக்கே வந்தன. எல்லோரும் பயந்திருந்தார்கள். ராமலட்சுமியை ஓர் ஓரமாக உட்காரவைத்து, இந்த அம்மாவுக்கு நடந்தது நம் யாருக்கும் நடக்கக் கூடாது என்று நான்தான் பேசினேன். கை தட்டினார்கள்.

அவர் தினமும் கடைக்கு வந்தார். பால் ஊற்றிவிட்டு வெளியே ஸ்டூலில் உட்காருவார். பதில் வந்துச்சா பாய் என்பார். அவர் எதிரிலேயே கம்பெனிக்குக் கடிதம் தட்டுவேன், அனுப்ப மாட்டேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஒரு நாள் சொன்னார்:

"எல்லாம் வேண்டாம் பாய். ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்குங்க. தாப்பா போட்டியான்னு கேக்குமே, அந்த ஒண்ணு போதும். இப்பல்லாம் நான் தாப்பாளே போடுறதில்ல. கேக்க ஆளு இல்ல, என்னத்தைப் போட?"

"பொறுமையா இருங்க அம்மிணி" என்றேன். அந்த வார்த்தையை எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும்.

என் பெண்சாதி ஹவ்வா ஒரு நாள் கடைக்குச் சோறு கொண்டுவந்தாள். திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. "ஏனுங்க, அன்னிக்குப் பாத்தப்ப பதினாலு நாள்னு இருந்துச்சு, இப்ப பத்துங்குது. என்னது இது, நாளு கொறைஞ்சுட்டே வருது?" என்றாள். ஏதோ ஆஃபர் என்றேன். ஆஃபர்னா வாங்கிற வேண்டியதுதானுங்களே என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பக்கத்தை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. டிஸ்கின் உள்தட்டே கீறிப்போய்விட்டது, ஒன்றும் தேறாது என்றார்கள். அப்போதும் எட்டு நாள் இருந்தது. என்னைக் கேட்டால், அந்த எட்டு நாளும் நான் அழுத்துவதாகத்தான் இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போயிற்று. திடீரென்று வந்தால் என்ன சொல்வது என்று ஒரு நல்ல காரணம் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

முப்பதாம் நாள் மதியம் ராமலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் மாடு இரண்டும் சரியாகத் தின்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்று இருந்தது. அவர் முகம் எனக்கு நேராக இருந்தது, திரையின் முதுகு அவருக்கு நேராக இருந்தது. நான் மவுஸைப் பிடித்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தவுடு விலை, மாட்டு டாக்டர், ஊசி என்று அவர் பேசினார், நான் ம் கொட்டினேன். இரண்டே கால் சுமாருக்குப் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. கூடை காலியாக உள்ளது என்று வந்தது.

"பதில் வந்துச்சா பாய்?" என்றார்.

"வந்துருமுங்க" என்றேன்.

அதற்கப்புறம் டேப்லெட்டைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். இனி யார் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். அவர் நேராக லிபினிடம் போயிருக்கிறார். அவன் அந்த அம்மாவின் பெயரில், தாய் என்பதற்கான தாள்களோடு கம்பெனிக்கு எழுதியிருக்கிறான். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அதுதான் உங்கள் மேஜையில் இருக்கிற தாள். அதில் எனக்கு உறுத்துவது என்ன தெரியுமா சார்? கீழே ஜோமோள் என்று ஒரு பெயர் இருக்கிறது. எனக்குப் பதினேழு தடவையும் பெயர் இல்லாத பதில். அந்த அம்மாவுக்கு முதல் தடவையே ஒரு மனுஷி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறாள்.

ஜோமோள் எழுதியிருப்பது எல்லாம் சரிதான். அழித்த நாள் சரி, மணி சரி. அழித்த கம்ப்யூட்டரின் பெயர் நூர் ஸ்டூடியோ என்பதும் சரி, வாங்கிய அன்றைக்கு நானே ஆசையாக வைத்த பெயர். அதே கம்ப்யூட்டரிலிருந்து பத்தொன்பது நாள் குப்பைக்கூடை திறந்து பார்க்கப்பட்டிருக்கிறது, மீட்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறாள். நான் எண்ணவில்லை, பத்தொன்பதாகத்தான் இருக்கும். படத்தை வைத்துக்கொள்ளாத இடம் நான் பார்த்ததை எல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஹவ்வா இப்போது என்னோடு பேசுவதில்லை. சாயங்காலம் ஆனால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ராமலட்சுமி வீட்டுக்குப் போகிறாள். வாசலில் நின்று, அக்கா, தாப்பா போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வருகிறாள். அது அந்தப் பெண்ணின் குரல் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். உள்ளேயிருந்து சில நாள் பதில் வருமாம், சில நாள் வராதாம்.

அவ்வளவுதான் சார். ஷாஜி, வாசியுங்கள்.

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். என்ன வாசித்தீர்கள்? இந்துவின்டெ சித்ரங்ஙள் களஞ்ஞு போயி. இல்லை, உங்கள் மேல் தப்பில்லை. ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தானே சொல்வார்கள். மாலை களஞ்ஞு போயி, பர்ஸ் களஞ்ஞு போயி, தொலைந்துபோயிற்று என்று. உங்கள் விரலுக்கு அது பழகியிருக்கும். முப்பது நாள் நானும் அந்த அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் களஞ்ஞு என்று மட்டும் சொன்னால் வேறு அர்த்தம் அல்லவா, தூக்கி எறிந்தேன் என்று அர்த்தம். உங்கள் மொழியில் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வார்த்தைதான். அந்தப் போயியை வெட்டிவிடுங்கள். முன்னால் ஞான் என்று போடுங்கள். ஞான் களஞ்ஞு. ஆமாம், இப்போது சரியாக இருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறேன், பேனா கொடுங்கள். ஒரே ஒரு உபகாரம் சார். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மேலே எங்கேயும் வைக்க வேண்டாம். அச்சடித்து, தாளாக எனக்கு ஒரு பிரதி, அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். மேலே இருக்கிறதை நம்ப முடியாது. யாராவது அழித்துவிடுவார்கள்.